ஆளில்லாத வாயிலில் ஒரு கையொப்பம்

கையொப்பம் என்பது நம் நாட்டில் வெறும் மைக்கோடு அன்று. ஒருவர் எழுத்தறிவு பெற்றவர் என்பதற்கு அதுவே முதற் சான்றாக விளங்கிய காலம் உண்டு. என் பாட்டியார் நிலப் பத்திரத்தில் இடக்கைப் பெருவிரலை மையில் தோய்த்துக் கைநாட்டு வைத்தவர். என் தாயார் எழுத்துக் கூட்டித் தம் பெயரை எழுதியவர். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடைபெற்றபோது, பள்ளி ஆசிரியை என்ற முறையில் நானும் மாலை வேளைகளில் சில பெண்களுக்கு எழுத்துக் கற்பித்தேன். அவர்களுள் பலர் முதன்முதலில் கேட்டது, "எங்க பேரை எழுதச் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்பதே. வங்கியில் மைப்பெட்டியைத் தங்கள் பக்கம் நகர்த்தி வைப்பதை அவர்கள் அவமானமாகக் கருதினர். தம் பெயரைத் தாமே எழுதிய நாளில் அவர்கள் முகத்தில் தோன்றிய மலர்ச்சியை நான் மறக்கவில்லை.

ஆதலால் கையொப்பத்தின்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. அத்தகைய கையொப்பமும் செல்லாக்காசாகும் இடங்கள் உலகில் உள்ளன என்பதை, அமெரிக்காவில் வாழும் என் மகள் குடும்பத்தோடு 2016ஆம் ஆண்டு பிரான்சு நாட்டிற்குச் சென்றபோது கண்டேன். பிள்ளைகள் அயல்நாட்டில் வாழும் குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. பெற்றோரும் பிள்ளைகளும் பேரக்குழந்தைகளும் சேர்ந்து மூன்றாவது நாடு ஒன்றைக் காணச் செல்வதும் பெருகி வருகிறது. அத்தகையோருக்குப் பயன்படக்கூடும் என்னும் எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

அமெரிக்கக் கடன் அட்டை பிறந்து வளர்ந்த விதத்தை முதலில் அறிந்துகொள்வது நல்லது. 1958ஆம் ஆண்டு கலிபோர்னியா மாநிலத்தின் பிரெஸ்னோ நகரில், பாங்க் ஆப் அமெரிக்கா என்னும் வங்கி ஏறத்தாழ 60,000 பேருக்குக் கடன் அட்டைகளை அஞ்சலில் அனுப்பி வைத்தது. அந்த அட்டையே 1976ஆம் ஆண்டு விசா என்னும் பெயரைப் பெற்றது. அட்டையைக் கடைக்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் தரும் ரசீதில் கையொப்பமிட வேண்டும். அட்டையின் பின்புறத்தில் உள்ள கையொப்பத்தோடு அவர் அதனை ஒப்பிட்டுப் பார்ப்பார். பிற்காலத்தில் அட்டையின் முதுகில் காந்தப் பட்டை ஒட்டப்பட்டது. தொலைபேசிக் கம்பி வழியாக வங்கியைக் கேட்டு ஒப்புதல் பெறும் வசதியும் வந்தது. ஆயினும் கையொப்பம் நீங்கவில்லை. இந்த ஏற்பாடு முழுவதற்கும் உயிர்நாடி ஒன்றுதான்: மேசைக்கு அப்பால் ஒரு மனிதர் இருக்கிறார் என்பதே அது.

அந்த மனிதர் இல்லாத இடத்தில் என்ன நிகழும்?

என் அக்காள் புதுச்சேரியில் வாழ்க்கைப்பட்டவர். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, விரும்பியவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர்ந்து வைத்துக்கொள்ள ஒப்பந்தத்தில் இடம் இருந்தது. அத்தானின் குடும்பத்தார் அவ்வாறே வைத்துக்கொண்டனர். அத்தான் பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்று, பாரீசு நகரின் புறநகர் ஒன்றில் குடியிருந்தார். அவ்வாண்டு ஜூலை மாதம் அக்காள் வீட்டில் நாங்கள் அனைவரும் கூடினோம். என் மருமகன் வாடகைக் கார் ஒன்றை எடுத்தார். கார் நிறுவனத்தின் முகப்பில் அமர்ந்திருந்த பெண் அவருடைய அமெரிக்க அட்டையை இயந்திரத்தில் இட்டு, ரசீதை நீட்டினாள், அவர் கையொப்பமிட்டார், சாவி கைக்கு வந்தது. மேற்கே கடற்கரையை நோக்கிச் சென்றபோது நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடியில் ஆள் எவரும் இல்லை. எனினும் அட்டையைச் செருகிய அளவிலேயே தடைக்கம்பம் எழுந்து வழி விட்டது. "இந்த அட்டை எங்கும் செல்லும், அத்தை" என்றார் மருமகன். அவர் சொன்னதில் ஐயம் கொள்ள எனக்கும் காரணம் இல்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. திரும்பும் வழியில் இரண்டு வயதுப் பேரனுக்குக் காய்ச்சல் கண்டது. விரைவில் அக்காள் வீடு சேர வேண்டும் என்று கிராமச் சாலைகளின் வழியே நெடுஞ்சாலையை நோக்கி வந்துகொண்டிருந்தோம். பெட்ரோல் குறைந்துவிட்டது என்று விளக்கு எரிந்தது. ஓர் ஊரின் எல்லையில் பேரங்காடி ஒன்றும், அதனை ஒட்டிய பெட்ரோல் நிலையமும் தென்பட்டன. அங்காடி பூட்டிக் கிடந்தது. பணம் வாங்கும் கூண்டும் பூட்டிக் கிடந்தது. பெட்ரோல் குழாய்கள் மட்டும் 24 மணி நேரமும் இயங்கும் என்று பலகை சொல்லிற்று. பக்கத்தில் ஓர் இயந்திரம் நின்றது.

மருமகன் அட்டையைச் செருகினார். இயந்திரம் இரகசிய எண்ணைக் கேட்டது. நாம் "பின் நம்பர்" என்று சொல்கிறோமே, அதுதான். அவருடைய அட்டைக்கு அப்படி ஓர் எண்ணே கிடையாது. வேறு இரண்டு அமெரிக்க அட்டைகளையும் இட்டுப் பார்த்தார். மூன்றையும் இயந்திரம் வெளியே தள்ளிவிட்டது. மகளின் கைப்பையில் யூரோ நோட்டுகள் இருந்தன. ஆயின் நோட்டை வாங்கும் வாய் அந்த இயந்திரத்திற்கு இல்லை. கையொப்பமிட மருமகன் ஆயத்தமாக இருந்தார். அதனைப் பார்ப்பதற்கு ஒரு கண் அங்கு இல்லை. பையில் பணமும், வங்கியில் நற்பெயரும், கையில் மூன்று அட்டைகளும் இருந்தும், காய்ச்சல் கண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் வெயிலில் நின்றோம்.

சற்று நேரத்தில் முதியவர் ஒருவர் பழைய கார் ஒன்றில் வந்தார். புதுச்சேரியில் படித்த நாளில் கற்ற அரைகுறைப் பிரெஞ்சில் நான் அவரிடம் நிலைமையைச் சொன்னேன். அவர் குழந்தையைப் பார்த்தார். மருமகனின் அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின் தம் அட்டையை எடுத்து இயந்திரத்தில் இட்டு, இடக்கையால் மறைத்துக்கொண்டு எண்ணை அழுத்தினார். எங்கள் காரில் 30 யூரோவுக்குப் பெட்ரோல் இறங்கியது. நாங்கள் 40 யூரோ கொடுத்தோம். அவர் தம் சட்டைப்பையில் தேடி, மீதி 10 யூரோவைச் சில்லறையாக எண்ணித் திருப்பித் தந்துவிட்டே தம் காருக்குச் சென்றார்.

அன்றிரவு குழந்தை உறங்கிய பின் அத்தான் விளக்கம் சொன்னார். மருமகனுக்குப் புரியாதது இதுதான்: "என் அட்டையிலும் சில்லு இருக்கிறதே, மாமா? போன வருடம்தான் புதிதாகக் கொடுத்தார்கள்." அத்தான் சிரித்தார். "சில்லு இருக்கிறது, மாப்பிள்ளை. எண் இல்லையே!" என்றார்.

சில்லு அட்டையின் பிறப்பிடம் பிரான்சு. ரோலாண் மொரேனோ என்பவர் 1974ஆம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் முதலில் எண்ணியது அட்டையை அன்று. சில்லு பதித்த மோதிரத்தையே. இதனைக் கேட்டபோது நம் கதைகளில் வரும் கணையாழி எனக்கு நினைவிற்கு வந்தது. தூதன் கையில் அரசன் கொடுத்தனுப்பும் முத்திரை மோதிரமும், நாம் இடும் கையொப்பமும், இயந்திரம் கேட்கும் எண்ணும் ஒரே கேள்விக்கான மூன்று விடைகள். "நீ சொல்லுகிறவன் நீதான் என்பதை நான் எப்படி நம்புவது?" என்பதே அந்தக் கேள்வி.

1992ஆம் ஆண்டின் இறுதிக்குள் பிரான்சின் வங்கி அட்டைகள் அனைத்தும் சில்லும் இரகசிய எண்ணும் கொண்டவையாக மாற்றப்பட்டன. பிரிட்டனில் 2006ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் முதல் கடைகளில் எண் இடுவது கட்டாயமாயிற்று. அமெரிக்கா மட்டும் ஏன் பின்தங்கியது? அந்நாடு தொழில்நுட்பம் அறியாத நாடு அன்று. அங்கே தொலைபேசிக் கட்டணம் குறைவு. ஒவ்வொரு விற்பனையையும் அந்த நொடியிலேயே வங்கியைக் கேட்டு முடிக்க முடிந்தது. ஐரோப்பாவிலோ கட்டணம் மிகுதி. ஆகவே வங்கியைக் கேளாமலே அட்டையும் இயந்திரமும் தமக்குள் பேசி முடிவு செய்யும் முறை அங்கே தேவைப்பட்டது. எண்ணைச் சரிபார்க்கும் வேலையை அட்டைக்குள் இருக்கும் சில்லே செய்துவிடும். தொலைபேசிக் கம்பி எட்டாத வண்டி நிறுத்துமிடத்திலும் அது செல்லுபடியாகும். இவ்வாறு இரண்டு நிலப்பகுதிகளும் தத்தம் தேவைக்கேற்ப இரண்டு வழிகளில் சென்றன.

அமெரிக்காவிலும் மாற்றம் வந்தது. 2013ஆம் ஆண்டின் இறுதியில் டார்கெட் என்னும் பெருங்கடைத் தொடரிலிருந்து ஏறத்தாழ 4 கோடி அட்டைகளின் விவரங்கள் களவாடப்பட்டன. 2014 அக்டோபரில் அதிபர் ஒபாமா, அரசு வழங்கும் அட்டைகளில் சில்லும் எண்ணும் இருக்க வேண்டுமென ஆணையிட்டார். 2015 அக்டோபர் 1 முதல், சில்லை ஏற்காத தரப்பே போலி அட்டையால் வரும் இழப்பைச் சுமக்க வேண்டும் என்று அட்டை நிறுவனங்கள் விதி செய்தன. ஆயினும் பெரும்பாலான வங்கிகள் சில்லை மட்டும் வைத்து, எண்ணை விட்டுவிட்டன. ஒருவரே நான்கைந்து அட்டைகளை வைத்திருக்கும் நாட்டில், எண்ணை மறந்தவர் வேறு வங்கியின் அட்டைக்கு மாறிவிடுவார் என்று அவை அஞ்சின. ஐக்கிய நாடுகள் சபை ஊழியர்களின் கூட்டுறவுக் கடன் சங்கம் போன்ற சிலவே, தம் உறுப்பினர்கள் ஊர் ஊராகச் செல்பவர்கள் என்பதை உணர்ந்து, 2010ஆம் ஆண்டிலேயே எண்ணுடன் கூடிய அட்டையை வழங்க முன்வந்தன.

சுங்கச்சாவடி ஏற்ற அட்டையைப் பெட்ரோல் இயந்திரம் ஏன் மறுத்தது என்பதும் எனக்கு விளங்கியது. உடைமையாளரை எவ்வெவ்வழியில் உறுதி செய்யலாம் என்ற பட்டியல் ஒன்று அட்டையின் சில்லுக்குள் வரிசையாகப் பதிந்திருக்கும்: எண், கையொப்பம், எதுவும் வேண்டாம் என்பது போல. இயந்திரமும் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கும். இரண்டும் ஓரிடத்தில் பொருந்தினால் வியாபாரம் நடக்கும். பிரெஞ்சுச் சுங்கச்சாவடி, உள்ளூர்க்காரரிடமும் எண் கேட்பதில்லை. வண்டிகள் விரைந்து செல்ல வேண்டும் என்பதே அதன் நோக்கம். பெட்ரோல் நிலையமோ எண்ணைத் தவிர வேறு எதனையும் ஏற்காது. எங்கள் நேர்மையைப் பற்றிய ஐயம் எதுவும் அந்த மறுப்பில் இல்லை. பொருந்தாத இரண்டு பட்டியல்கள் மட்டுமே இருந்தன. ஆயினும் வெயிலில் நின்றவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதன் மறுபக்கத்தையும் கூறுவது நியாயம். பின்னொரு முறை மகள் வீட்டிற்குச் சென்றபோது, அமெரிக்கப் பெட்ரோல் நிலையத்தில் என் இந்திய அட்டையைச் செருகினேன். இயந்திரம் "சிப் கோடு" கேட்டது. அது அந்நாட்டு அஞ்சல் குறியீடு. அட்டைக்கு உரியவரின் முகவரியைச் சரிபார்க்க அதனைக் கேட்கிறார்கள். அதற்கு 5 இலக்கங்கள். 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் நாம் எழுதிவரும் பின்கோடுக்கோ 6 இலக்கங்கள். ஐரோப்பாவில் அமெரிக்கர் அன்னியராக நிற்பது போல, அங்கே நாம் அன்னியராக நிற்கிறோம். ஆனால் அந்த நிலையத்தின் கடைக்குள் ஓர் இளைஞன் இருந்தான். "உள்ளே வந்து பணம் கட்டுங்கள், அம்மா" என்று கையசைத்தான். அரை நிமிடத்தில் வேலை முடிந்தது.

காலம் மேலும் மாறியுள்ளது. 2018 ஏப்ரலில் பெரிய அட்டை நிறுவனங்கள், கையொப்பம் இனிக் கட்டாயம் இல்லை என்று அறிவித்துவிட்டன. இலண்டன் சுரங்க இரயிலில் 2014 செப்டம்பர் முதல் அட்டையை வாயிலில் காட்டினாலே கதவு திறக்கிறது. இவ்வாறு தொட்டுச் செலுத்தும் முறையில் சிறு தொகைகளுக்கு எண் வேண்டியதில்லை. பிரான்சில் அதன் வரம்பு 2020ஆம் ஆண்டு 50 யூரோவாக உயர்த்தப்பட்டது. வரம்பிற்கு மேல் சென்றால் எண் கேட்கும் பழைய கதை மீண்டும் தொடங்கலாம். கைத்தொலைபேசியில் அட்டையைப் பதிந்துகொண்டால், தொலைபேசியே உடைமையாளரை உறுதி செய்துவிடுகிறது. எவ்வாறு? அவர் விரலை வைத்து அழுத்துவதன் மூலம்! எந்த விரல் அடையாளத்தை எழுத்தறியாமையின் சின்னம் என்று வெட்கப்பட்டு விட்டொழித்தோமோ, அதுவே பெருமையோடு திரும்பி வந்துவிட்டது. என் பாட்டியார் இருந்திருந்தால் நகைத்திருப்பார்.

அமெரிக்காவிலிருந்து பிற நாடு செல்லும் பிள்ளைகளுக்கும், அவர்களோடு செல்லும் பெற்றோருக்கும் சில வார்த்தைகள். புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வங்கியிடம், "பொருள் வாங்குவதற்கான எண் இந்த அட்டைக்கு உண்டா?" என்று தெளிவாகக் கேளுங்கள். பணம் எடுப்பதற்கு மட்டும் தரப்படும் எண் வேறு. கடன் அட்டையில் அவ்வாறு ரொக்கம் எடுத்தால் பெரும்பாலும் அன்றே வட்டி ஓடத் தொடங்கும். தொட்டுச் செலுத்தும் வசதியுள்ள அட்டையையும் தொலைபேசியையும் ஆயத்தமாக வையுங்கள். பயணச்சீட்டை இயந்திரத்தை நம்பாமல் முகப்பிலோ இணையத்திலோ முன்னரே வாங்குங்கள். ஐரோப்பியக் கிராமப்புறங்களில் சனிக்கிழமையே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். ஆளில்லாப் பெட்ரோல் இயந்திரம், நிரப்பியதைவிடப் பெருந்தொகையைச் சில நாள் நிறுத்தி வைக்கக்கூடும், அஞ்ச வேண்டாம். "டாலரில் செலுத்துகிறீர்களா, யூரோவிலா?" என்று கேட்டால் யூரோவையே தெரிவு செய்யுங்கள், மற்றது பெரும்பாலும் கூடுதல் செலவு. இந்திய அட்டை வைத்திருப்போர், வெளிநாட்டுப் பயன்பாட்டைத் தாமே திறந்து வைக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டிற்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. இவ்வளவிற்கும் மேலாக, அந்நாட்டு நோட்டுகள் சில கையில் இருக்கட்டும். இயந்திரம் வாங்காவிட்டாலும், உதவ வரும் மனிதர் வாங்கிக்கொள்வார்.

இயந்திரங்களை நான் குறை கூறவில்லை. நள்ளிரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அவை உழைக்கின்றன. அதனால் யாரோ ஒருவர் தம் குடும்பத்தோடு ஓய்ந்திருக்க முடிகிறது. ஆனால் முன்கூட்டியே எழுதி வைத்த பட்டியலுக்கு வெளியே உள்ள எவரையும் இயந்திரத்தால் நம்ப இயலாது. மனிதரால் இயலும். எண்ணும் அட்டையும் இல்லாத ஏழைகளும், எண்ணை மறந்துபோகும் முதியோரும், திரையைக் காண இயலாத பார்வையற்றோரும் நம் ஊர்களிலும் உள்ளனர். நம் பேருந்து நிலையங்களிலும் இரயில் நிலையங்களிலும் வங்கிகளிலும் இயந்திரங்கள் பெருகி வருகின்றன. அவை வரட்டும். ஆயினும் ஒவ்வொரு வாயிலிலும் அழைத்தால் வந்து கேட்பதற்கு ஒருவர் இருக்க வேண்டும் என்று நாம் கேட்பது மிகையாகாது. அதுவரை, இயந்திரத்தின் முன் திகைத்து நிற்கும் அயலாரைக் காணும்போது, வரிசையில் பின்னால் நிற்கும் நாமே அந்த ஒருவராக இருப்போம்.